சாமி மேடையில் ஒரு சர்வர்

வீட்டுப் படங்களையும் மெயிலையும் சேர்த்து வைக்கும் சர்வருக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். அலுவலகங்கள் கழித்துவிடும் குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றே தாராளம். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். நான் பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் அன்சாரிடம் வாங்கினேன்.

"கேமிங்கா அங்கிள்?" என்றான்.

"இல்லப்பா. வீட்டு போட்டோ, மெயில், அவ்வளவுதான். ஆனா நாள் பூரா ஓடணும், சத்தம் வரக்கூடாது."

"அப்போ இது போதும் லா. ஓடுறதே தெரியாது."

நான் தேடியதும் அதைத்தான்.

நம் கடிதங்களை எவனோ ஒரு கம்பெனிக்காரன் படிப்பது எனக்குப் பிடிக்காது. அந்த விஷயத்தில் நான் கறார். அதனால் குடும்பத்துக்கென்று சொந்தமாக மெயில் முகவரி அமைத்தேன். மகள் தாமரைக்கு ஒன்று, மனைவி ரமணிக்கு ஒன்று. வரும் கடிதமெல்லாம் இந்தப் பெட்டியில்தான் வந்து இறங்கும். "அப்பா கில்லாடி," என்று தாமரை ஊரெல்லாம் அந்த முகவரியையே கொடுத்தாள். கிள்ளான் மருத்துவமனையில் தாதியாக வேலை பார்க்கிறாள். ஒரே பிள்ளை.

அடுத்தது, பெட்டியை எங்கே வைப்பது. ரமணி வெளியே கிளம்பினால் வீட்டில் ஒரு சுவிட்ச் விடாமல் அணைத்துவிடுவாள். யோசித்துப் பார்த்து, சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன். ஆயுத பூஜை அன்று காருக்கும் ரைஸ் குக்கருக்கும் வைத்த கையோடு அதற்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அதோடு கவலை விட்டது.

"பொட்டு வெச்சாச்சு, யாரும் அதுல கை வைக்காதீங்க," என்று அவளே காவல் காக்கிறாள்.

முதல் கடிதம் தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. டிஸ்க் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் தாண்டி ஆக்லாந்தில் ஒரு மருத்துவமனை தாமரையை நேர்காணலுக்கு அழைத்திருந்தது. விண்ணப்பம் போட்டதை அவள் எங்களிடம் மூச்சுவிடவில்லை. மனசு வலித்தது. அழித்துவிட்டேன்.

பதில் போடாமல் விடுவது மரியாதை இல்லையே. குடும்பச் சூழ்நிலை காரணமாக வர இயலவில்லை என்று அவள் பெயரில் நாலு வரி எழுதி அனுப்பினேன். இரண்டாவது மருத்துவமனைக்கும் அதே நாலு வரிதான். நன்றி சொல்லத் தவறவில்லை.

தாமரை சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். "எனக்குத் தெறமை பத்தலை போலப்பா," என்றாள் ஒருநாள். பாவமாக இருந்தது. காஜாங் வரை காரோட்டிப் போய் அவளுக்குக் குச்சியில் செருகிச் சுட்ட சத்தே இறைச்சி வாங்கி வந்தேன். எந்த அப்பா அந்த நெரிசலில் போவார், சொல்லுங்கள். இரண்டு குச்சி தின்றாள்.

மூன்றாவது மருத்துவமனையின் அழைப்பை நான் தடுக்கவில்லை. மூன்றாவது முறையும் ஒன்றும் வராவிட்டால் பெட்டியின் மீது சந்தேகம் வரும். அவள் வீடியோவில் நேர்காணலை முடித்துவிட்டுக் கடிதத்துக்காகக் காத்திருந்தாள். வேலை கிடைக்காது என்று நினைத்தேன். அங்கேதான் என் கணக்கு தப்பிவிட்டது. போன திங்கட்கிழமை நியமனக் கடிதம் வந்தது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டுமாம், இல்லையென்றால் இடம் வேறொருவருக்கு. இன்று வியாழன்.

இந்தக் கடிதத்தை நான் அழிக்கவில்லை. என்னைக் கொடியவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் கண்ணில் படாமல் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்தி, இரண்டு நகலும் வைத்திருக்கிறேன்.

இன்று காலையும் தாமரை குளித்துவிட்டு விளக்கேற்றினாள். அந்தக் கடிதம் மட்டும் வந்துவிடட்டும் முருகா என்று கண்ணீரோடு முணுமுணுத்தாள். படத்துக்குப் பின்னால் பெட்டியின் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. நான் சோபாவில் அமர்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

கேட்டால் கொடுத்திருக்க மாட்டேனா? ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை. சாமியிடம்தான் கேட்கிறாள்.