காலனிக்குப் போன குழாய்

டீயில் சர்க்கரை வேண்டாம், இன்ஸ்பெக்டர் சார். என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறீர்கள். உங்கள் நாற்காலியில் இருந்தால் நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

இந்த ஊரின் குடிநீர்க் குழாய்களை வடிவமைத்த பொறியாளர் நான். எந்தத் தெருவுக்கு எத்தனை அங்குலக் குழாய் என்று கம்ப்யூட்டர்தான் சொல்லும். தெருவுக்குத் தெரு தண்ணீரின் அழுத்தம் இதற்குக் கீழே போகக்கூடாது என்று நிபந்தனை கொடுத்தால், அதற்குள் மலிவான வழியைத் தேடித்தரும். நல்ல பிள்ளை, எதிர்த்துப் பேசாது.

செலவைக் குறைக்கச் சொன்னார்கள். தெற்கே கடைசியில் இருக்கும் காலனிக்கு மட்டும் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் முழுக்க ஒல்லிக் குழாய் விழுந்தது, செலவு குறைந்தது. எப்படிக் குறைந்தது என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. இன்றைக்கு எல்லோருக்கும் சந்தேகம் வருகிறது.

காலனியில் ரெத்தினம் குடியிருப்பது எனக்குத் தெரியும். கழக ஆட்சியில், நில உச்சவரம்புச் சட்டத்தில் குத்தாலத்துப் பக்கம் எங்கள் நஞ்சை போனபோது, கொடியை ஊன்றிவிட்டு முதலில் இறங்கி நாற்று நட்டவன் அவன்தான். என் அப்பா அமிர்தலிங்கம் வரப்பில் நின்று அழுதார். எனக்கு வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது. ஆனால் அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள். வாய்க்காலிலும் கடைமடைக்குக் கடைசியில்தானே தண்ணீர் போகிறது?

குழாய் போட்டும் காலனியில் தண்ணீர் ஏறவில்லை. ரெத்தினத்தின் மருமகள் வேம்பு, இடுப்பில் குழந்தையோடு என் ஆபீசுக்கு வந்தாள். தண்ணீர் ஏறாவிட்டால் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். தரையில் குழி வெட்டி, குழாயை அறுத்துத் தாழ்த்திக்கொள்வார்கள். மழை பெய்தால் அந்தக் குழியில் சாக்கடை நிற்கும். மேலே தொட்டியில் தண்ணீரை நிறுத்தியதும் குழாய் அதை உள்ளே இழுக்கும், மறுநாள் குடத்தில் விடும். அது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"குழி வெட்டிக்கலாமாங்க சார்?" என்றாள்.

"தாராளமா வெட்டிக்கம்மா" என்றேன்.

ஐப்பசி மழையில் வாந்திபேதி வந்தது. குழந்தைகள்தான் முதலில் போயின, வேம்புவின் குழந்தையும். ரெத்தினம் பிழைத்துக்கொண்டான். அதில் எனக்கு ஏமாற்றம்தான், மறைப்பானேன்.

எழுதிக்கொள்ளுங்கள். நிபந்தனையை எடுத்தவன் நான், குழி வெட்டச் சொன்னவன் நான், இரண்டையும் தெரிந்தேதான் செய்தேன். ஆனாலும் அவளாக வந்து கேட்டாள், சார். கேட்டு வந்தவளை இல்லையென்று திருப்பி அனுப்புகிற குடும்பம் இல்லை எங்களுடையது.