எல்தோ பேசறேன்

தொண்டையை வைத்துப் பிழைக்கிறவன் ஐஸ் போட்ட எலுமிச்சை சர்பத் குடிக்கக்கூடாது என்பார்கள். நான் வாலிப வயதிலிருந்து குடிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. உங்கள் டிவி நிகழ்ச்சியில் எனக்கு வைத்திருந்த வெந்நீரை நான் தொடாதது அதனால்தான். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிகழ்ச்சி நன்றாகவே போனது. எர்ணாகுளத்தில் அவ்வளவு பெரிய அரங்கில், 'ஜெயித்தவர்கள் பேசுகிறார்கள்' என்று பேனர் கட்டி, என் பக்கத்தில் வாலிபால் ரோசிலியை உட்காரவைத்தீர்கள். இந்தியாவுக்கு ஆடியவள், ஆறடி உயரம். அவள் பக்கத்தில் என் நாற்காலியில் ஆள் இருக்கிறானா, இல்லை யாரோ சட்டையைக் கழற்றிப் போட்டிருக்கிறார்களா என்று டிவியில் பார்த்தவர்களுக்குக் குழப்பம் வந்திருக்கும். போட்டியைப் பற்றி நீங்கள் கேட்டதும் அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

"எங்க டீம்ல எனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா சார். அவ கால் பிசகணும்னு மாதா கோயில்ல தெனமும் மெழுகுவர்த்தி ஏத்துவேன். ஒருநாள் நெசமாவே பிசகிடுச்சு. ஓடிப்போய் ஐஸ் வெச்சதும் நான்தான், பக்கத்துல ஒக்காந்து அழுததும் நான்தான்."

அரங்கமே சிரித்தது. அடுத்து என்னைப் பார்த்து, "சுகதன் சேட்டா, உங்க வெற்றிக்கு யாரு காரணம்?" என்றீர்கள். கடவுள், அம்மா, உழைப்பு என்று வழக்கமான பதிலைச் சொன்னேன். கைதட்டினார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் ரோசிலி சொன்னதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மெழுகுவர்த்தியோடு நின்றுவிட்டவள். அதனால்தான் மேடையில் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. நீங்கள் இன்று வீடு தேடி வந்திருக்கிறீர்கள், கேமராவும் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். என் வெற்றிக்குக் காரணம் எல்தோ.

எல்தோ பெரும்பாவூர்க்காரன். ஆலுவாவில் தங்கப்பேட்டன் நடத்திய மிமிக்ரி குழுவில் நானும் அவனும் ஜோடி. கோயில் உற்சவமோ மாதா பெருநாளோ, எந்த மேடையானாலும் ஒரே மைக்கின் இரண்டு பக்கமும் நிற்போம். அவன் ஒரு நடிகரின் குரலை எடுத்தால், அந்த நடிகர் திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாரோ என்று குழந்தைகள் எட்டிப் பார்ப்பார்கள். அதே நடிகரை நான் செய்தால், யார் என்று முதலிலேயே பெயரைச் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகும் சந்தேகத்தோடுதான் கைதட்டுவார்கள். போகப்போக ரயில், ஆடு, மண்ணெண்ணெய் ஸ்டவ் ஆகியவற்றை மட்டும் என் பொறுப்பில் விட்டார்கள். ஸ்டவ்வை நன்றாகவே செய்வேன்.

எல்தோ என்னைக் கைகழுவவில்லை. ஒத்திகையில் எதிரே உட்கார்ந்து விரலை நீட்டுவான். விரல் மேலே போனால் நான் குரலை ஏற்ற வேண்டும், கீழே வந்தால் இறக்க வேண்டும். சரியாக வந்துவிட்டால் விரலை மடக்கிக்கொள்வான். என் விஷயத்தில் அந்த விரல் மடங்கியதே கிடையாது.

"அவர மாதிரி பேசப் பாக்கற, அதான்டா தப்பு" என்பான். "அந்த ஆள் எதுக்குப் பயப்படறான்னு பாரு. பயத்தப் புடிச்சிட்டா கொரலு தன்னால வரும்."

குழுவில் ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. தங்கப்பேட்டன் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவனிடமும் அதைச் சொல்லிவிடுவார். "மந்திரிய எடு, நடிகன எடு, காக்காய எடு. கூட நிக்கிறவன் கொரல மட்டும் எடுக்காத. ஊருக்கெல்லாம் கொரலு குடுக்கிறவனுக்கு சொந்தமா இருக்கிறது அது ஒண்ணுதான்."

நான் எடுத்தேன். எல்தோவின் அப்பா பெரிய குடிகாரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதையில் பாதிரியாரைக் கெட்ட வார்த்தையால் திட்டிவிட்டு, மறுநாள் ஒன்றுமே நினைவில்லாமல் எழுந்து பல் தேய்த்தவர். அந்த அவமானத்தில் குடும்பமே ஊர் மாறியது. எல்தோவும் நிகழ்ச்சி முடிந்தால் கொஞ்சம் குடிப்பான். காலையில் எழுந்ததும் அவன் முதல் கேள்வி என்னிடம்தான். "நேத்து நான் ஏதாச்சும் ஒளறினேனாடா?" ஒன்றுமில்லை என்று நான் சொன்ன பிறகுதான் அவனுக்குச் சாயா இறங்கும். அவன் சொல்லிக்கொடுத்தபடியே, பயத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒருநாள் பெரியாற்றில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று அந்தக் கேள்வியை அவன் குரலில் கேட்டுப் பார்த்தேன். கரையில் துணி அலசிக்கொண்டிருந்த தங்கப்பேட்டன் திரும்பி, "எல்தோ எப்படா வந்தான்?" என்றார். இப்போதுதான் போனான் என்றேன்.

என் நிலைமையைப் பாருங்கள். உலகத்தில் ஒரே ஒரு குரல்தான் எனக்குப் பிசகில்லாமல் வந்தது. அதை யாரிடமும் காட்ட முடியாது.

நானும் எல்தோவும் தங்கியிருந்த அறைக்குக் கீழே தையல்கடை. அங்கேதான் எங்களுக்கும் போன் வரும். எல்தோ பொரோட்டா சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானம், அவனுக்குப் போன் என்று தையல்காரர் கத்தினார். அவன் இல்லை என்று சொல்லத்தான் இறங்கிப் போனேன். தையல்காரர் வாசலில் ஒரு மாப்பிள்ளைக்கு அளவெடுக்கப் போய்விட்டார். எதிர்முனையில் டைரக்டர் வேணுநாதன், அப்போது பெரிய ஆள். "எல்தோவா?" என்று கேட்டார்.

"எல்தோதான் பேசறேன் சார்" என்றேன்.

திட்டம் போட்டுச் செய்ததல்ல. வாயைத் திறந்தேன், அவன் குரல் வந்தது. வேணுநாதன் எங்கள் நிகழ்ச்சியைத் திருச்சூரில் பார்த்தாராம். அடுத்த படத்தில் படம் முழுக்க வருகிற குடிகாரன் வேடம், எல்தோ கட்டாயம் வர வேண்டும் என்றார். வருகிறேன் சார் என்று சொல்லி வைத்திருக்கலாம், எல்தோவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். ஆனால் எனக்கு ஒரு சின்ன ஆசை வந்துவிட்டது.

"கூட ஒருத்தர் இருந்தாரே சார், சுகதன். பாத்தீங்களா?"

"யாரு, அந்த ஸ்டவ்வா?" என்றார். "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா சினிமால ஸ்டவ்வுக்கு ஸ்டவ்வையே வெச்சுக்கலாமேப்பா."

அதற்குப் பிறகு எல்தோவுக்குக் கொஞ்சம் நாக்கு குழறியது. வேணுநாதனின் கடைசி இரண்டு படங்களைப் பற்றி அவன் தன் அபிப்பிராயத்தைச் சொன்னான். அதில் பொய் எதுவும் இல்லை, படங்கள் மோசம்தான். சொன்ன வார்த்தைகள்தான் சாராயக்கடை வார்த்தைகள். போனை வைத்துவிட்டு மேலே வந்து, அவன் எனக்கென்று வாங்கி வந்திருந்த பொரோட்டாவைச் சாப்பிட்டேன்.

செய்தி சுற்றிக்கொண்டு எல்தோவிடம் வரச் சில வாரங்கள் பிடித்தன. முகம் வெளுத்துப்போய் என் முன்னால் வந்து நின்றான். "நான் எப்படா அவர்கிட்ட பேசினேன்?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அடித்திருப்பான், ஒரு பல் போயிருக்கும். பல்லுக்கும் தொழிலுக்கும் சம்பந்தம் உண்டு என்பதால் யோசித்தேன். "உற்சவம் முடிஞ்சு வந்த அன்னிக்கு, மத்தியானம்" என்றேன். "நல்லா ஏத்தியிருந்த. நான் தடுத்துப் பாத்தேன், நீ கேக்கல."

உடனே நம்பிவிட்டான். அதுதான் எனக்கே ஆச்சரியம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளில சொல்லாம இருந்தியேடா" என்று கண் கலங்கினான். நானும் அழுதேன். ரோசிலி அழுத கதை மாதிரிதான்.

அன்றோடு குடியை விட்டான். இன்றுவரை தொடவில்லை. அந்த விதத்தில் அவனுக்கு நான் நல்லதும் செய்திருக்கிறேன். லிஸ்ஸியைக் கல்யாணம் செய்துகொண்டான். வேணுநாதன் வீட்டு வாசலில் நாள்கணக்கில் நின்று மன்னிப்புக் கேட்டான். கடைசியில் அவர் மனம் இறங்கி, அந்தக் குடிகாரன் வேடத்துக்கு இன்னும் ஆள் பிடிக்கவில்லை, திங்கட்கிழமை மத்தியானம் வந்து நடித்துக் காட்டு என்றார். ஞாயிற்றுக்கிழமை லிஸ்ஸி வாத்துக் கறியும் அப்பமும் செய்து குழு முழுவதையும் கூப்பிட்டாள். எல்தோ எனக்குப் பரிமாறிக்கொண்டே சொன்னான்: "நான் உள்ள போயிட்டா ஒன்ன வெளிய விட்ருவனா? ஒனக்கும் ஒரு வேஷம் வாங்கித் தரேன்டா. சின்னதா இருந்தாலும் பரவால்லயில்ல?"

வாங்கித் தந்திருப்பான், சொன்னால் செய்கிறவன். எந்தப் படத்திலோ ஏதோ ஒரு சமையலறைக் காட்சியில் நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்திருப்பேன். கறி நன்றாக இருந்தது. இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் கிளம்ப வசதியென்று எல்தோ அன்று ராத்திரி என் அறையிலேயே படுத்தான். திங்கட்கிழமை காலை அவன் கடைக்குப் போன நேரத்தில் ஆலுவா பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து வேணுநாதனுக்குப் போன் செய்தேன். "எல்தோ பேசறேன்" என்றேன். இந்த முறை நாக்கு குழறவில்லை, குடிக்காத எல்தோவின் தெளிவான காலைக் குரல். முதல் தடவை வாய் தவறியது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு நான் இரண்டு நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். வேணுநாதனுக்கு ஒரு மகள் இருந்து, சின்ன வயதிலேயே இறந்துபோயிருந்தாள். நான் பேசியது அந்தக் குழந்தையைப் பற்றி. வார்த்தைகள் வேண்டாம், நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

மத்தியானம் எல்தோ இஸ்திரி போட்ட சட்டையோடு போய் நின்றான். வேணுநாதனின் ஆட்கள் காலையில் வந்த போனைச் சொல்லிச் சொல்லியே கேட்டுக்கு வெளியில் வைத்து அடித்தார்கள். உதடு கிழிந்து அறைக்கு வந்தான். என் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதினான்.

"மோந்து பாரு. நான் குடிக்கலடா. ஒரு சொட்டு குடிக்கல. மோந்து பாத்துச் சொல்லு."

மோந்து பார்த்தேன். "வாசனை இல்ல" என்றேன். அது உண்மை. பிறகு ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டேன். "காலைல போன் பண்ணிட்டு வரேன்னு போனியே, யாருக்குடா பண்ணின?"

அவன் சோப்பு வாங்கப் போயிருந்தான். சோப்பு அலமாரியில்தான் இருந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். குடிதான் பேசியது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவன், குடிக்காமலும் தன் வாய் தனக்குத் தெரியாமல் பேசுகிறது என்று அன்றைக்கு முடிவுக்கு வந்தான்.

முதலில் போனைத் தொடுவதை நிறுத்தினான். அப்புறம் மேடையை விட்டான். டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன், மாத்திரை கொடுத்தார்கள். தூக்கத்தில் ஏதாவது பேசிவிடுவோமோ என்று வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு படுக்கிறான் என்று லிஸ்ஸி சொன்னாள். மகள் பிறப்பதற்குள் பேச்சு முழுவதும் நின்றுவிட்டது. பெரும்பாவூரில் ஒரு பிளைவுட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். அந்த இரைச்சலில் அங்கே யாருமே பேசுவதில்லை. அவனுக்குச் சௌகரியம்.

இங்கே, எல்தோவுக்கு அடி விழுந்து சில நாள் ஆகியும் வேணுநாதனுக்குக் குடிகாரன் கிடைக்கவில்லை. தங்கப்பேட்டன் என்னை அனுப்பினார். நடித்துக் காட்டினேன். "அந்த நாயோட கொரலு மாதிரியே இருக்கே" என்றார் வேணுநாதன். கூடவே இருந்து பழகியதுதான் சார் என்றேன். அதற்குமேல் சந்தேகப்பட அவருக்குக் கற்பனை போதாது, படங்களைப் பார்த்தாலே தெரியும். அந்த வேடம்தான் ஔதா சேட்டன். இன்றைக்கும் ரோட்டில் போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, "ஔதா சேட்டா, அதச் சொல்லுங்க" என்கிறார்கள். நானும் சொல்கிறேன். "நேத்து நான் ஏதாச்சும் ஒளறினேனாடா?" ஊரே சிரிக்கிறது. தங்கப்பேட்டன் மட்டும் படம் பார்த்துவிட்டு வந்தபிறகு என்னோடு பேசவில்லை. வயதாகிவிட்டது, இப்போது அவரும் இல்லை.

நான் நன்றி மறந்தவன் அல்ல. வருடம் தவறாமல் கிறிஸ்துமஸுக்குக் கேக் எடுத்துக்கொண்டு எல்தோ வீட்டுக்குப் போவேன். அவன் சிரித்து, நாற்காலியைத் துடைத்துப் போடுவான். போன கிறிஸ்துமஸின்போது அவன் மகள் அனுமோளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. லிஸ்ஸி, "எல்லாரும் மறந்துட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் சேட்டா இவர மறக்கல" என்றாள். மறக்க முடியாதுதான்.

அப்போது அனுமோள் கேட்டாள். "அங்கிள், அப்பா கொரலு எப்படி இருக்கும்? வீட்ல இருக்கிற கேசட்டெல்லாம் போட்டுப் பாத்துட்டேன். எல்லாம் நடிகருங்க கொரலாவே இருக்கு. அப்பா கொரலு ஒரு எடத்துல கூட இல்ல. உங்களுக்கு வருமா?"

வருமா என்று கேட்கிறாள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "மோளே, அப்பா பேசறேன். நல்லா இருக்கணும் நீ" என்றேன்.

லிஸ்ஸி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பெண் அசையாமல் என் வாயையே பார்த்தாள். சமையலறை வாசலில் சாயா டம்ளரோடு எல்தோ நின்றுகொண்டிருந்தான். தலையைச் சாய்த்து, ஒத்திகையில் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு டம்ளரை வைத்துவிட்டு விரலை நீட்டினான். விரல் மெதுவாகக் கீழே இறங்கியது. நான் குரலைக் கொஞ்சம் இறக்கி மறுபடி சொன்னேன். "மோளே, அப்பா பேசறேன்."

அவன் விரலை மடக்கிக்கொண்டான். அவ்வளவு வருடத்தில் அதுதான் முதல் தடவை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களிடம் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அவனுக்கு அன்றைக்குப் புரிந்திருக்குமா என்றுதானே கேட்க வருகிறீர்கள். தெரியாது. நான் எதையும் மூடி வைக்கிற ஆள் இல்லை. நிகழ்ச்சியில் அறிமுகமான உங்களிடமே இவ்வளவையும் சொன்னவன், கூடப் பிறந்தவன் மாதிரி இருந்தவனிடம் மறைப்பேனா? 'நீதானாடா' என்று ஒரு வார்த்தை அவன் வாயைத் திறந்து கேட்கட்டும், அந்த நிமிடமே ஒப்புக்கொண்டுவிடுவேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதற்காகத்தான் போய் உட்காருகிறேன். கேட்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருப்பது அவன்தான்.