அண்ணன்ட கோப்பை

இல்ல மாமி, போடாதீங்க, நானே போட்டு எடுக்கிறன். கோவிக்காதீங்க, கறி மணம் வாசலுக்கே வந்திட்டு. அகப்பையை மட்டும் என்ட கையில தாங்க. ம், இவ்வளவும் காணும். மீனும் ஒரு துண்டு. கோழி கொத்துற மாதிரி இரிக்கெண்டு சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவாயில்ல. இதைத் திண்டு முடிச்சதும் எழும்பிப் போகாம இவடத்திலயே இருந்து உங்களோட கதைச்சுக்கொண்டு இரிப்பன். அதுதான் எனக்கு மருந்து.

மாமா, நீங்களும் சாப்பிடுங்க. சாப்பிட்டுக்கொண்டே கேளுங்க. நான் விடிய பஸ் ஏறி இந்தப் பனிச்சங்கேணிக்கு வந்தது ஒரே ஒரு விசயத்துக்கு. நீங்க வந்து உங்கட அக்காட்டச் சொல்லணும், அண்ணனுக்குச் சோறு போட்டு வைக்கிற கோப்பையை நிப்பாட்டச் சொல்லி. அவ வேற ஆர்ட சொல்லையும் கேக்கமாட்டா. தம்பி சொன்னா கேப்பா.

எந்தக் கோப்பையா? ஓம், உங்களுக்கு எப்பிடித் தெரியும். இத்தின வருசமும் நீங்க கட்டார்ல. போனில கதைக்கக்குள்ள அம்மா உங்கட்ட என்ன சொல்லியிருப்பா? எல்லாரும் சுகம், பிள்ளை நல்லாச் சாப்பிடுறாள், மகன் நிலோஜன் வந்திருவான். அதுதானே நெடுகக் கதை. எல்லாம் பொய் மாமா. அவ பொய் எண்டு நினைச்சுச் சொல்லல்ல, அதுதான் இதில உள்ள கரைச்சல்.

சுனாமியில அப்பா போனதுக்கு நீங்க வந்தீங்கதானே. முப்பத்தோராம் நாள் அமுதுக்கும் நிண்டீங்க. அப்பாக்கு விருப்பமான சாப்பாடெல்லாம் படைச்சு, அழுது, வந்த சனத்துக்குச் சோறு குடுத்து, அதோட அம்மா ஒரு மாதிரி எழும்பினவ. நீங்க பிளேன் ஏறிட்டீங்க. நாங்க பள்ளிக்கூடத்து அகதிக் காம்பில கிடந்தம்.

அங்க ஒரு நாள் சோத்துப் பார்சல் வரும், மறுநாள் வராது. வந்தா சனம் அடிபடும். அம்மா எனக்கும் அண்ணனுக்கும் சொல்லித் தந்தவ, கிடைக்கக்குள்ள தின்னுங்க, பசியில்லாட்டியும் தின்னுங்க, நாளைக்குக் கிடைக்குமோ தெரியா எண்டு. நான் மெல்லாம விழுங்கப் பழகினது அங்கதான். சோறு நெஞ்சுக்குள்ள கட்டியா நிக்கும். தண்ணியைக் குடிச்சு இறக்கிப்போட்டு அடுத்த பார்சலைப் பாப்பன். அண்ணன்ட பார்சலிலயும் பாதி எனக்குத்தான் வரும். அவனாத் தருவான். அவன் கெட்டவன் இல்ல மாமா. அதைச் சொல்லிப்போட்டுத்தான் மிச்சத்தைச் சொல்லணும்.

மறுகா எங்களுக்கு வீட்டுத்திட்டத்தில வீடு கிடைச்சு, அக்கம்பக்கம் சனம் குடியேறி, கொஞ்சம் மூச்சு விடக்குள்ளதான் இயக்கத்துக்கு ஆள் பிடிக்கிறவங்கள் அவனை ஏத்திக்கொண்டு போனாங்கள். ரியூசனுக்குப் போன பொடியன். பக்கத்து வீட்டுப் புஸ்பம் அக்காட மகனும் அவனும் ஒரே சைக்கிள்ல போனவனுகள். சைக்கிள் மட்டும் ரோட்டோரம் கிடந்துது. அம்மா அண்டைக்கு ஒட்டி மீன் காய்ச்சினவ. அவன்ட கோப்பையில சோத்தைப் போட்டு மூடி வெச்சவ, பசியோட வருவான் எண்டு. அண்டைக்கு வெச்ச கோப்பைதான் மாமா. இப்ப இந்த நேரமும் வெச்சிரிப்பா.

ஒரு நேரமும் தப்பினதில்ல. இஞ்ச சண்டை முடிஞ்சு, பொடியனுகளை வன்னிக்குக் கொண்டு போயிட்டாங்கள் எண்டு கேள்விப்பட்ட நேரமும் வெச்சவ. அங்கயும் எல்லாம் முடிஞ்சுது எண்டு டவுனில வெடி கொழுத்தினாங்களே, அண்டைக்கும் குசினிக்குள்ள நிண்டு சோறு வடிச்சவ. வெளியில படபடவெண்டு வெடி. இவ கரண்டியை நீட்டி, புளி காணுமா எண்டு பாக்கச் சொல்றா.

வெச்சா வெச்சிட்டுப் போகட்டும் எண்டுதானே நினைக்கிறீங்க. வெச்ச சோத்தை என்ன செய்யிற, அதைச் சொல்லுங்க. காகத்துக்கு வைக்க ஒண்ணா, காகத்துக்கு வெச்சா செத்தவனுக்கு வெச்ச மாதிரி. நாய்க்குப் போட ஒண்ணா, அது பிள்ளைட சோறு. கொட்டவும் ஒண்ணா, காம்பில கிடந்தவ ஒரு பருக்கை கொட்டமாட்டா. அப்ப ஆரு தின்னுற? ஒரே வயித்தில பிறந்தது திண்டா அவன் திண்ட மாதிரித்தானாம். எந்தச் சாமி சொன்னதோ தெரியா. அம்மாவே கண்டுபிடிச்சது. நான் என்ட சோத்தைத் திண்டு முடிச்ச உடனே அவன்ட கோப்பையை முன்னால தள்ளுவா. தின்னு மனே, நீ தின்னாட்டி அண்ணன் அங்க பட்டினி. சொல்லிப்போட்டு, நான் விழுங்கும் வரைக்கும் என்ட வாயையே பாத்துக்கொண்டிரிப்பா.

திண்டன். என்ன செய்யிற. பாதிப் பார்சலைத் தந்தவன்தானே.

திண்டுபோட்டுக் கிணத்தடிக்குப் போவன். முதல்ல திண்டதெல்லாம் சத்தியாத் தானா வந்தது. மறுகா நானே வரப்பண்ணினன். வந்தாப் பிறகு ஒரு ஆறுதல் மாமா, உங்களுக்கு விளங்குமோ தெரியா. அவன்ட பங்கு வெளியில போயிட்டு, இப்ப நான் மட்டும்தான் இரிக்கன் எண்டு ஒரு ஆறுதல். கொஞ்ச நேரம்தான். மறுகா வெக்கம். அந்த வெக்கத்துக்குத் திரும்பவும் தின்னுவன். அம்மா அங்கால போனா பானையை வழிச்சு, டின்பாலைக் கரண்டியால தோண்டி, அவிக்காத மாவைக்கூட... சரி விடுங்க. சாப்பிடக்குள்ள கதைக்கிற கதையில்ல. அதையும் தின்னுவன், அதையும் கொண்டுபோய்க் கிணத்தடியில விடுவன்.

நான் மெலியல்ல. அதுதான் ஒருத்தருக்கும் தெரியல்ல. கன்னம் ரெண்டும் வீங்கியிருக்கும். பாக்கிற சனம், பிள்ளை தேறிட்டாள் எண்டவங்க.

கண்டுபிடிச்சது புஸ்பம் அக்காதான். என்னத்தைக் கண்டுபிடிச்சவ? கலியாணம் கட்டாத குமர் கிணத்தடியில சத்தி எடுத்தா நம்மட ஊரில அதுக்கு ஒரே ஒரு நோய்தானே. வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, என்ன கா, உன்ட மகளுக்கு எத்தின மாசம் எண்டு அம்மாட்டக் கேட்டுப்போட்டா. அண்டைக்கு எங்கட வீட்டு விளக்குமாறு உடைஞ்சுது. ஆரு எண்டு கேட்டு அடி. ஆருமில்ல எண்டதுக்கும் அடி. மருத்துவிச்சியைக் கூட்டி வந்து அறைக்குள்ள படுக்க வெச்சவ. அவ வயித்தை அமத்திப் பாத்துப்போட்டுச் சொன்னவ, இதுக்குள்ள பிள்ளையும் இல்ல, சோறும் இல்ல எண்டு. அம்மாக்கு அப்பதான் உசிர் வந்துது. பிள்ளையில்ல எண்டதை எடுத்துக்கொண்டா, சோறில்ல எண்டதை விட்டிட்டா. அண்டைப் பகலும் அண்ணன்ட கோப்பை வந்துது.

ஊர் விடுமா? எனக்கு வயிறு வராம விட்டாப் பிறகு, கலைச்சுப்போட்டாள் எண்டு கதை. ஓம் மாமா, உங்கட மருமகள் ஒருத்தன்ட நிழலும் படாம பிள்ளை உண்டாகி, அதைக் கலைச்சும் போட்டவள். கெட்டிக்காரிதானே.

மாமி, நீங்க எதுக்குக் கண்ணைத் துடைக்கிறீங்க. மீன் நல்லா இரிக்கு.

மறுகா காத்தான்குடியில ஒரு துணிக்கடையில வேலைக்குச் சேந்தன். சீலை மடிச்சுக்கொண்டு நிக்கக்குள்ள விழுந்திட்டன். ஆஸ்பத்திரியில ஒரு டொக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்தார். பல்லெல்லாம் அரிச்சிரிக்கு, எவ்வளவு காலமாச் சத்தி எடுக்கிறீங்க எண்டு கேட்டார். எத்தின மாசம் எண்டு கேக்கல்ல. அதுக்கே நான் அழுதிட்டன்.

அவர்தான் மனநலப் பிரிவுக்கு அனுப்பினவர். ஓம், ஊர்ச் சனம் அதை விசர் ஆஸ்பத்திரி எண்டுதான் சொல்லும். சொல்லட்டும். பிள்ளைத்தாச்சி எண்டதை விட விசரி எண்டது எனக்கு நல்லாத்தான் இருந்துது. அங்க ஸஹீதா மிஸ் எண்டு ஒருத்தவ. கொஞ்சம் மருந்து, கூடக் கதை. முதல்ல வீட்டை விட்டு வெளியில இருங்க எண்டு சொன்னவ. கடையில என்னோட நிண்ட கஜானியும் நானும் ஒரு அறை எடுத்தம். நான் இல்லாத நாளில அந்தக் கோப்பைச் சோத்தை அம்மா என்ன செஞ்சாவோ, நான் கேக்கல்ல. உங்கட கோப்பையில உங்கட கையால போடுங்க தக்ஷாயினி, நேரத்துக்குத் தின்னுங்க, பட்டினி கிடக்காதீங்க, திண்டாப் பிறகு தனிய இரிக்காதீங்க. இதுதான் மிஸ் சொன்னது. கேக்கச் சின்னக் கதை. எனக்கு ஒரு பிடி சோத்தை மெண்டு விழுங்குறதே தவமா இருந்துது.

கஜானி வாயாடி. நான் திண்டு முடிச்சதும் கதவை மறிச்சு இருந்துகொண்டு, கடைக்கு வாற பொம்பிளையளைப் போலச் செஞ்சு காட்டுவாள். கடையில உள்ள சீலை எல்லாத்தையும் விரிக்கச் சொல்லிப் பாத்துப்போட்டு, கடைசியா மூக்குத் துடைக்க ஒரு கைலேஞ்சி எடுத்துக்கொண்டு போவாங்களே, அவங்களைப் போல. சிரிச்சு முடியச் சோறு செமிச்சிரிக்கும். எல்லா நாளும் இல்ல. கனதரம் தோத்துப் போய் மிஸ்ஸுக்கு முன்னால போய் நிண்டிரிக்கன். அவ ஏசினதில்ல. அடுத்த நேரச் சாப்பாட்டை விடாதீங்க எண்டு மட்டும் சொல்லுவா.

ஒரு நாள் வாவிப் பாலத்தடியில மாங்காய் வாங்கி, உப்பும் தூளும் போட்டு, அவளும் நானும் நடந்து நடந்து திண்டம். வேலை முடிஞ்சு அறைக்கு வந்தாப் பிறகுதான் எனக்கு நினைவு வருது, நான் மாங்காய் திண்டிரிக்கன் எண்டு. திண்டதை மறந்திட்டன் மாமா. நீங்க எல்லாரும் ஒவ்வொரு நாளும் செய்யிறதுதான். நான் கட்டிலில இருந்து விக்கி விக்கி அழுதன். கஜானி பயந்து, மாங்காய் பழுதோ எண்டு கேக்கிறாள்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த உடம்பு இது. அம்மாக்குக் காய்ச்சல் எண்டு போன மாசம் வீட்டுக்குப் போனன். பாய் விரிச்சு இருந்ததும் கோப்பை வந்துது. நான் மாட்டன் எண்டன். ஆஸ்பத்திரியில சொன்னதெல்லாம் சொன்னன். எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, அப்ப அண்ணன் பட்டினி கிடக்கட்டும் எண்டுறியா எண்டு கேக்கிறா. நீ தின்னாட்டி நானும் தின்னன் எண்டு சுவரைப் பாத்துப் படுத்திட்டா. காய்ச்சல்காரி. கஞ்சித் தண்ணியும் குடிக்கல்ல. எவ்வளவுக்குப் பாத்துக்கொண்டு இரிக்கிற? கடைசியில திண்டன். மறுகா கிணத்தடி. அடுத்த நாளும் கிணத்தடி.

இனி ஒருக்கா அதுக்குள்ள விழுந்தா நான் எழும்பமாட்டன் மாமா. எனக்குத் தெரியும்.

இல்ல, நீங்க சும்மா ஏசினா அவ நிப்பாட்டமாட்டா. நீங்க நிக்கும் வரைக்கும் ஒளிச்சு வைப்பா. நாள் பாத்து, ஆக்களுக்குச் சொல்லி, முறையா அண்ணனுக்கு அமுது குடுக்கணும். தாய்மாமன் நீங்க முன்னுக்கு நிண்டாத்தான் அது நடக்கும். ஏன் கையை உதறுறீங்க. இரிங்க.

ஓம், செத்தானெண்டு தெரியாதவனுக்கு எப்பிடி அமுது எண்டுதான் எல்லாரும் கேப்பாங்க. அங்க காணாமப் போன பிள்ளையளின்ட தாய்மார் போட்டோவைப் பிடிச்சுக்கொண்டு ரோட்டில நிக்கிறாங்க, அம்மாவும் போய் நிக்கிறவதான். அவங்களை நான் குறை சொல்லல்ல. பிள்ளை எங்க எண்டு கேக்க அவங்களுக்கு நியாயம் இரிக்கு. ஓம் மாமா, பாவம்தான். ஒருவேளை உசிரோட இருந்தா பெரிய பாவம்தான்.

மாமி, ஒரு தேத்தண்ணி ஊத்துறீங்களா? சீனி கொஞ்சமாப் போடுங்க.

குசினிக்குள்ள போயிட்டாவா?

ஒருவேளை இல்ல மாமா. உசிரோடதான் இரிக்கான். சுவிஸில. போன வருசம் கடைக்குப் போன் எடுத்தவன். கலியாணம் கட்டி ஒரு பொம்பிளப் பிள்ளையும் இரிக்கு. அம்மாட்டச் சொல்ல ஒண்ணா எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவன். சண்டை முடிஞ்சு சனம் வன்னியால வெளியில வரக்குள்ள, ஆமி இவனைப் பிடிச்சு வாசலில நிப்பாட்டி, இயக்கத்தில இருந்த ஆக்களைக் காட்டச் சொன்னாங்களாம். காட்டினானாம். காட்டின ஆக்களில புஸ்பம் அக்காட மகனும் ஒருத்தன். அந்தப் பொடியன் அதோட இல்ல. அவ இன்னமும் வேலியால எட்டி, ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வருவானுகள் கா எண்டு அம்மாக்கு ஆறுதல் சொல்றா. அம்மாக்குத் தெரிஞ்சா அந்த வேலிக்கு அங்காலயும் தெரியும். அவன் இனி வரமாட்டான் மாமா. எந்த முகத்தோட வாற.

கிழமைக்கு ஒருக்கா எடுப்பான். அம்மா என்ன கறி எண்டு கேப்பான். உடம்பு வெச்சிட்டாம், சோத்தைக் குறைக்கச் சொல்லி அங்க டொக்டர் சொல்லியிரிக்காராம்.

இந்த ஞாயிறு எடுக்கக்குள்ள நான் சொன்னன், உனக்கு அமுது குடுக்கப்போறன் எண்டு. கோவிப்பான் எண்டு பாத்தன், அழுவான் எண்டு பாத்தன். அவன் கேட்டது, என்னென்ன வைப்பீங்க எண்டு.