யாரும் கூப்பிடாத மேசை

தனியாகச் சாப்பிட்டால் எனக்குத் தொண்டையில் இறங்காது, ஐயா. இந்த சியோலில் மதிய வேளையில் ஒற்றையாகக் கடைக்குள் நுழைந்தால், பரிமாறுகிறவளே "ஒரு ஆள்தானா?" என்று இரண்டு தடவை கேட்பாள்.

எங்கள் அலுவலகத்தில் மேசைக்கு மேசை ஒரு குட்டி விளக்கு உண்டு. தட்டச்சு வேகம், பேச்சுச் சத்தம் எல்லாவற்றையும் கணித்து, பேசலாம் என்றால் பச்சை காட்டும், வேலையில் மூழ்கியிருந்தால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் யாரும் கிட்டே போகமாட்டார்கள். அந்த மரியாதையில் எங்கள் ஆட்களை மிஞ்ச முடியாது. விளக்குகளைப் பராமரிப்பவள் நான்.

போரம் புதிதாகச் சேர்ந்த பெண். கலகலப்பானவள். என்னோடு சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக அவள் பக்கம் சாய்ந்தார்கள். ஒரு நாள் நான் கைகழுவிவிட்டு வருவதற்குள் எல்லோரும் அவளோடு கிளம்பிவிட்டார்கள். எனக்குப் பயம், ஐயா. வேறொன்றுமில்லை.

அவள் விளக்கைச் சிவப்பிலேயே நிறுத்தினேன். அது வெளிப்பக்கம் பார்த்திருப்பதால் உட்கார்ந்திருக்கும் அவளுக்குத் தெரியாது, அவள் எழுந்தால் அணைந்துவிடும். விளக்கின் நிறம் அவரவர் கணினித் திரையிலும் தெரியும்; அவள் திரையில் மட்டும் பச்சையே காட்டும்படி வைத்தேன். அதைப் பார்த்தபடி, யாராவது வருவார்கள் என்று காத்திருப்பாள். அவளாகப் போய்ப் பேசினாலும், "உன் வேலை கெடும்மா, அப்புறம் பேசலாம்" என்று அன்பாகவே அனுப்பிவிடுவார்கள்.

நாளாக நாளாக, யாராவது நிமிர்ந்து பார்த்தாலே மிரண்டாள். என்னிடம் வந்து கேட்டாள்.

"அக்கா, நான் என்ன தப்பு பண்ணேன்? சொன்னா திருத்திக்கிறேன்."

"கொஞ்சம் அடக்கமா இருந்து பாரும்மா, சரியாயிடும்" என்றேன். முதுகைத் தடவியும் கொடுத்தேன்.

அன்று பிற்பகல் அவள் எனக்கு அனுப்பிய செய்தி உங்கள் விசாரணைக் கோப்பில் இருக்கிறது. "அக்கா, நெஞ்சை அடைக்குது. கொஞ்சம் வர்றீங்களா?" நிமிர்ந்து பார்த்தேன். மேசைமேல் தலை கவிழ்ந்திருந்தாள். நான் ஓடினால் கூட்டம் கூடும். கூடினால் அவள் திரையில் பச்சை இருப்பதைப் பார்த்துவிடுவார்கள். என் விளக்கையும் சிவப்பாக்கிக்கொண்டேன்.

மற்றவர்கள் அவளைக் கடக்கும்போது சத்தமில்லாமல் நடந்தார்கள். பாவம், அசதி போலிருக்கிறது என்று ஒருவர் ஜன்னல் திரையைக்கூட இழுத்துவிட்டார். சாயங்காலம் அறை விளக்குகளை அணைக்க வந்த காவலாளிதான் அவளைத் தொட்டுப் பார்த்தார். உடம்பு சில்லிட்டிருந்ததாம்.

சாவு வீட்டுக் கூடத்தில் இந்த ஊர் வழக்கப்படி காரமான மாட்டிறைச்சிச் சாறும் சோறும் போட்டார்கள். எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டே சாப்பிட்டார்கள். போரமின் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஆபீஸ்ல நீங்க ஒருத்தர்தான் அவகிட்ட முகம் குடுத்துப் பேசுவீங்களாம். எம்பொண்ணு சொல்லுவா."

உண்மைதானே, ஐயா. வேறு யார் பேசினார்கள்?