வல்லாரைக் கட்டு

“எம் மூளைக்கு இப்ப நல்ல ரத்தவோட்டம், மாப்ள.”

மதுரையிலிருந்து கிளம்பிய ஒத்தக்கடை பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும் என் காது தானாக நீண்டது. அவர் மடியில் வல்லாரைக் கீரைக்கட்டு இருந்தது. பக்கத்தில் அவர் ஊர்க்காரர் ஒருவர்.

“எப்புடிண்ணே?”

“சொந்த மருமகன்கிட்டயே ‘தம்பிக்கு எந்த ஊரு’ன்னு கேட்ட ஆளு நானு. டாக்டருதான், தெனமும் ஒடம்பு அசைஞ்சாத்தான் மூளை வேலை செய்யும்னாரு. அதான் இன்னைக்கு வீட்லருந்து மதுரைக்கு சைக்கிள்லயே மிதிச்சு வந்துட்டேன்ல! ஞாபகசக்திக்குக் கீரையும் வாங்கியாச்சு.”

“அம்புட்டுத் தூரமா! அப்ப சைக்கிள் எங்கண்ணே?”

பஸ் வைகைப் பாலத்தைத் தாண்டியிருந்தது. அவர் ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த கட்டைப் பார்த்தார்.

“மாப்ள, இதைப் பச்சையாவே திங்கலாமா?”