பசை காயும்வரை

ஸ்நூக்கர் கியூவுக்கு ரிப் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அது பிழை. ரிப் என்பது கியூ என்கிற ஆட்டக்கோலின் நுனியில் ஒட்டுகிற தோல்வட்டம். சட்டைப் பொத்தானளவுதான் இருக்கும். நீலமோ பழுப்போ, சாயம் வெறும் சாயம். நான் ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேசையில் போட்டுச் சத்தத்தைக் கேட்பேன். மந்தமாக விழுவது பஞ்சு. விளையாடத் தொடங்கியதும் காளான்போல விரிந்துவிடும். கணீரென்று விழுவது கல், பந்தில் வழுக்கும். இரண்டுக்கும் நடுவே விழுகிற சிலவற்றை மட்டும் எடுத்து வைப்பேன்.

வெள்ளவத்தையில் மஷூர் நடத்திய ஸ்நூக்கர் மண்டபத்தில் எல்லோருக்கும் ரிப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். காப்புறுதிக் கம்பனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பின்னேரங்களில் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். அதை ஒரு வேலையாக நான் நினைத்ததில்லை. என் மகன் சுகிர்தன் அங்கேதான் விளையாடப் பழகினான். அவனுடைய கியூவை மருதானையில் ஒரு கடைசல்காரரிடம் சொல்லிச் செய்வித்தேன். அதற்கு ரிப்பைத் தெரிந்தெடுத்து ஒட்டியதும் நான்தான். ஆனால் ரிப் அடிக்கிறவனின் கைக்குத்தான் பழகும். சுகிர்தனின் ரிப் இடப்பக்கம் ஒரு மயிரளவு கூடுதலாகத் தேய்ந்திருக்கும். எத்தனை தரம் சொல்லியும் அவன் அந்தக் கைப்பழக்கத்தை விடவில்லை.

மத்திய வங்கியில் குண்டு வெடித்த வருடம், ஒரு விடியற்காலையில் பாமன்கடையில் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். இளம் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னேரம் மற்றப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். சுகிர்தன் வரவில்லை. பொலிஸில் போய்க் கேட்டால், அப்படி ஒருவரைக் கொண்டுவரவே இல்லை என்றார்கள். கூடப்போன பிள்ளைகளிடம் கேட்டால், தாய்மார் முன்னால் வந்து நின்றுகொண்டு, தங்கள் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். முன்வீட்டுக்காரர் என் மனைவி இராசமலரிடம், ஏதோ இல்லாமலா பிடித்திருப்பார்கள் என்று கேட்டார். அப்போது அவர் கையில் ஒரு கோப்பை தேநீர் இருந்தது. அதை ஆறவிடாமல் குடித்துக்கொண்டே கேட்டார். இன்றைக்கும் அவரைக் கண்டால் வணக்கம் சொல்கிறேன். எனக்குக் கோபம் இல்லை.

கிளெமென்ற் வந்தது அதற்கு அடுத்த வருடம். குருநகர்ப் பையன். ஆமியிடம் பயணப் பாஸ் எடுத்துக் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்தவன். கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டில் இருந்துகொண்டு, கனடாவுக்குப் போக வழி பார்த்துக்கொண்டிருந்தான். மண்டபத்தின் பொதுக் கியூவில் விளையாடியும் நன்றாக விளையாடினான். ஒருநாள் நானாகவே சுகிர்தனின் கியூவைப் பெட்டியோடு கொண்டுவந்து அவனிடம் கொடுத்தேன். மரம் சும்மா கிடந்தால் வளையும். இராசமலர் வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை. அது யாருடைய கியூ என்று கிளெமென்றிடம் நான் சொல்லவில்லை. ரிப்பில் கைவைக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. ஒரு மனிதன் தன் பொருளை ஒருவனிடம் கொடுத்தால், அதில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது வாங்குகிறவனுக்குத் தானாகத் தெரிய வேண்டும்.

அவன் அந்தக் கியூவை ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு எடுத்துப்போவான். கால்வாய்ப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிற்பாட்டி எல்லோரையும் இறக்குவார்கள். நீளமான கறுப்புப் பெட்டியோடு ஒரு தமிழ்ப் பையன். ஒவ்வொரு நாளும் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துப் பார்ப்பார்கள். அங்கே நின்ற ஒரு கொன்ஸ்தாபிளுக்கு அது பகிடியாகிவிட்டது. “மேக்க துவக்குவக்த, மல்லி?” என்று கேட்பானாம், இது துவக்கா தம்பி என்று சிங்களத்தில். கிளெமென்றும் சிரிப்பானாம். மண்டபத்துக்கு வந்து எங்களுக்கு அதை நடித்துக் காட்டுவான்.

ஒரு சனிக்கிழமை அவன் என்னிடம் கியூவை நீட்டினான். முகம் நிறையச் சந்தோசம்.

“அங்கிள், பழைய ரிப் கல்லாப் போச்சுது. நானே வெட்டி எறிஞ்சிட்டுப் புதுசு போட்டிட்டன்.”

“எங்கை எறிஞ்சனீ?” என்று கேட்டேன்.

“நேற்று ராத்திரி, இஞ்சை குப்பைக்கை, அங்கிள்.”

நான் கியூவை வாங்கிப் பார்த்தேன். நுனியிலிருக்கும் பித்தளை வளையத்தை அராவாமலே ரிப்பை ஒட்டியிருந்தான். ஓரம் வெளியே பிதுங்கியிருந்தது. முதல் தரம் செய்தவனுக்குப் பரவாயில்லை என்று சொன்னேன். குப்பை லொறி காலையிலேயே வந்து போய்விட்டது என்று மஷூர் பிறகு சொன்னார்.

அன்றோடு விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த கிழமை கொட்டாஞ்சேனையில் மறுபடியும் சுற்றிவளைப்பு நடந்தது. பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள், நாங்கள் வியாபாரத்தை நடத்துவது எப்படி என்று மஷூர் சலித்துக்கொண்டிருந்தார். கிளெமென்ற் மேசைமேல் குனிந்து குறி பார்த்துக்கொண்டிருந்தான். நிமிராமலே பேசினான்.

“நான் பெட்டியைத் திறந்து காட்டிறன், சிரிச்சுக்கொண்டு விடுறாங்கள். ஒண்டும் இல்லாதவனைச் சும்மா பிடிக்கமாட்டாங்கள், அங்கிள்.”

பிறகு அடித்தான். பந்து நேரே போய் விழுந்தது. சுகிர்தனின் கியூவால்தான் அடித்தான். மஷூர் ஒருதரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

அவனுக்குத் தெரியாது என்பீர்கள். ஓம், தெரியாது. தெரியாதவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என் பிள்ளையின் சட்டைப்பையில் அன்று இருந்தது ஒரு சீப்பும் பஸ் ரிக்கெற்றும்தான். ஒன்றும் இல்லாதவன் என்றால் அவன்தான் ஒன்றும் இல்லாதவன். இதை இந்த ஊரில் எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. இவனுக்காவது விளங்க வேண்டும் என்று நினைத்தேன்.

சில மாதங்களுக்கு முன், லீவில் வந்த ஆமிப் பொடியன்கள் சிலர் மண்டபத்தில் விளையாடிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் போனபின் மேசையின் மூலைப் பொக்கெற்றுக்குள் ஒரு துவக்கு ரவை, வெடிக்காத தோட்டா, கிடந்தது. நான்தான் கண்டெடுத்தேன். அந்த நாட்களில் அப்படி ஒன்றைக் குப்பையிலும் போட முடியாது, பொலிஸுக்கும் கொண்டுபோக முடியாது. தமிழன் கையில் அது எப்படி வந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். பழைய பசைத் தகரத்துக்குள் போட்டு, என் சாமான் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன்.

கிளெமென்றைக் கூப்பிட்டு, ரிப்பை நான் சரியாகப் போட்டுத் தருகிறேன் என்றேன். அவனுக்கு மெத்தச் சந்தோசம். அன்று பின்னேரம் முழுவதும் அந்த வேலையில்தான் இருந்தேன். அவன் போட்டதை பிளேட்டால் சீவி எடுத்தேன். வளையத்தைச் சமமாக அராவினேன். என்னிடம் இருந்ததிலேயே திறமான ரிப்பைத் தெரிந்து, அடிப்பக்கத்தைச் சுரண்டி, பசை வைத்து அழுத்தினேன். ஓரத்தை வெட்டி, மேலே அரத்தாளால் தேய்த்துக் கவிழ்த்த கிண்ணம்போல உருட்டினேன். பக்கங்களை எச்சில் தொட்டுத் துணியால் மினுக்கினேன். அதைவிட நல்ல ரிப்பை நான் ஒருவருக்கும் போட்டதில்லை. என் பிள்ளைக்குப் போட்டதுகூட அவ்வளவு திறமில்லை. வேலையில் நான் வஞ்சகம் செய்யவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கியூவைப் பெட்டிக்குள் வைத்தேன். ரிப்பில் பூசுகிற சோக் கட்டியை வைக்கிற சின்ன அறை ஒன்று அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ரவையை அதற்குள், சோக்குக்கு அடியில் வைத்தேன்.

“நாளைவரைக்கும் திறக்காதை, தம்பி. பசை காயட்டும்” என்றேன்.

“சரி அங்கிள். தாங்க்ஸ், என்ன.”

அந்தப் பசை சில நிமிடத்தில் இறுகுகிற பசை. தானும் ஒரு ரிப் போட்டவன், அதைத் தெரிந்திருக்க வேண்டும். அவன் படியிறங்கிப் போகும்போது சீழ்க்கை அடித்துக்கொண்டு போனான். நான் என் சாமான்களைத் துடைத்து அடுக்கினேன்.

பாலத்தடியில் அவனை அன்றைக்கே இறக்கினார்கள். அதே கொன்ஸ்தாபிள்தான் திறந்தானாம். பஸ்ஸில் இருந்தவர்கள் சொன்னது, கிளெமென்ற் முதலில் சிரித்தான் என்று. தனக்கு ஏதோ பகிடி விடுகிறார்கள் என்று நினைத்திருப்பான். பெரியம்மா போய்க் கேட்டபோது, விசாரணைக்கு மேலிடத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். மேலிடத்தில் கேட்டபோது, இங்கே வரவில்லை என்றார்கள்.

மஷூர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அன்டைக்கி அந்தப் பெட்டி ஒங்கட கையிலதானே இருந்திச்சி, ஐயா?”

“ஓம். ரிப் போட.”

அதன்பிறகு அவர் எனக்குத் தேநீர் அனுப்புவதை நிறுத்திவிட்டார். நானும் அங்கே போவதை விட்டுவிட்டேன்.

கிளெமென்றின் தாய் கொன்ஸ்ரன்ஸ் பாஸ் கிடைத்து வந்து சேர மூன்று மாதம் ஆனது. பெரியம்மா வீட்டில் அவளை வைத்திருக்கப் பயந்தார்கள். ரவையோடு பிடிபட்டவனின் தாய் அல்லவா. நான் போய் அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். சுகிர்தனின் அறையில்தான் படுக்கிறாள். எந்த முகாமில் எந்த வாசலில் நிற்க வேண்டும், எந்த அதிகாரி சிங்களத்தில் பேசினால் இளகுவான், செஞ்சிலுவைக்காரரிடம் என்ன சொல்ல வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். எல்லா இடத்துக்கும் நானே அவளைக் கூட்டிப்போகிறேன். வெயிலில் குடை பிடிக்கிறேன். அவளுக்காகப் பேசுகிறேன். பிள்ளை ஒரு குற்றமும் செய்யாதவன் என்று சொல்கிறேன். அதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடுகிறது. ஒருதரம் ஒரு அதிகாரியின் மேசையில் கையால் அடித்துவிட்டேன். கொன்ஸ்ரன்ஸ் என் கையைப் பிடித்து, “விடுங்கோ அண்ணை, கோவிக்காதேங்கோ, உங்களையும் பிடிச்சிடுவாங்கள்” என்று அழுதாள்.

இராசமலரும் இப்போது சாப்பிடுகிறாள். இரண்டு பெண்களுமாகக் குசினியில் இருந்து பிள்ளைகளைப் பற்றிக் கதைக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைகளில் கொன்ஸ்ரன்ஸ் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய், இரண்டு பேருக்கும் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருகிறாள்.

ரவையை வைத்தவன் நான். மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். என் பிள்ளையைத் தேடி நான் இந்த ஊரெல்லாம் அலைந்தபோது, என்னோடு கூட வர ஒரு மனிதர் இருக்கவில்லை. கொன்ஸ்ரன்ஸுக்கு நான் இருக்கிறேன்.