சனிக்கிழமைச் சோதனைக் குழு

புதிதாக வருகிறவருக்கு முதலில் நாற்காலியைக் காட்ட வேண்டும், ஐயா, வேலையை அல்ல. வேலையை முதலில் காட்டினால் அடுத்த வாரம் ஆள் தலைகாட்ட மாட்டார். குழு வளர்க்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியும்.

நாங்கள் செய்தது திறந்த மூல மென்பொருள். பார்வையில்லாதவர்களுக்குத் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும். யாரும் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கும் சம்பளம் கிடையாது. நிரல் எழுதுவது தம்பி. கூடப் பிறந்தவன் இல்லை, அப்படி அழைத்துப் பழகிவிட்டது. அவன் எழுதியதைச் சனிக்கிழமைதோறும் ஓர் அச்சகத்தின் மாடியில் கூடிச் சோதித்து, பிழை கண்டு சொல்வோம். ஓய்வுபெற்ற தட்டச்சுக்காரம்மா, மருந்துக்கடைக்காரர், கல்லூரிப் பிள்ளைகள் என்று ஒவ்வொருவரையும் சேர்த்தவன் நான். பிறகு, டெலிபோன் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் ஒருவர். பிறவியிலேயே பார்வை கிடையாது, பாம்புச் செவி. ஓர் எழுத்தின் ஒலி இம்மி பிசகினாலும் பிடித்துவிடுவார். அவர்களுக்குள் மனஸ்தாபம் வந்தால் தீர்த்துவைப்பதும் நான்தான். என் மனைவி வீட்டைவிட்டுப் போனதுகூட ஒரு சனிக்கிழமைதான். திங்களன்றுதான் கவனித்தேன்.

கடந்த சனிக்கிழமை மாலை எல்லாரும் கிளம்பிய பிறகு தம்பி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான்.

"அண்ணே, இதப் பாருங்க. நாம நாள் பூரா சோதிக்கிறத இந்த புரோகிராம் டீ குடிக்கிற நேரத்துல முடிச்சிடுது. இனிமே யாரும் மெனக்கெட்டு வர வேணாம்."

"அப்ப குழு?"

"குழு எதுக்குண்ணே? ஏதாவதுன்னா மெயில் போட்டாப் போச்சு. நீங்களும் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க."

அவன் மனதில் கள்ளமில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். சிரித்துக்கொண்டே திரையை நோக்கிக் குனிந்தான். கதவோரம் தீயணைப்பு உருளை மாட்டியிருந்தது. எடுத்து அவன் பிடரியில் அடித்தேன். முதல் அடியிலேயே மேசைமேல் சரிந்தான். ஆனால் முனகினான். எதையும் அரைகுறையாக விடுவது எனக்குப் பழக்கமில்லை. முனகல் நிற்கும்வரை அடித்தேன். கன்னம் விசைப்பலகையில் அழுந்திக் கிடந்ததால், மென்பொருள் "ம, ம, ம" என்று படித்துக்கொண்டே இருந்தது. உச்சரிப்பில் ஒரு பிழை இல்லை.

அந்நேரம் பார்த்து டெலிபோன்காரர் படியேறி வந்தார். ஹெட்போனை மறந்து வைத்துவிட்டாராம். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி?" என்றார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி, "அண்ணே, மூச்சு வாங்குறது நீங்கதானே? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. உக்காருங்க."

உட்கார்ந்தார். என்னை அவ்வளவு நம்புவார்.

"காலைல தம்பி சொன்னானே, அந்த புரோகிராம் விஷயமா சண்டையா? விடுங்கண்ணே. எனக்குந்தான் சனிக்கிழமை வீட்ல பொண்ணோட இருக்கணும்னு ஆசையா இருக்கு."

அதுவரை அவரை நல்லபடியாக அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். மேசையில் கிடந்த ஹெட்போனை எடுத்து, அதன் வயரைப் பின்னாலிருந்து கழுத்தில் போட்டு இறுக்கினேன். அவர் கைகள் வயரைப் பிடிக்கவில்லை. என் முகத்தைத் தேடித் தடவின. நான்தானா என்று உறுதி செய்துகொள்ளப் பார்த்தார் போலிருக்கிறது. இந்தக் கீறல் அவர் நகம் பட்டது. கால்கள் உதைத்து அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள், யார் செய்ததென்று தெரியாமலே சேதி பரவியதும் இரங்கல் செய்தி எழுதியவன் நான். எப்போதாவது எட்டிப் பார்க்கிறவர்கள்கூட வந்து சேர்ந்தார்கள். டெலிபோன்காரரின் மகளைத் தட்டச்சுக்காரம்மா மடியில் சாய்த்துக்கொண்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். அப்படியொரு ஒற்றுமையை அதற்குமுன் நான் கண்டதில்லை.

இருவரையும் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். குழுவைக் குலைத்தவன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. என் பொறுப்பில் இருந்தவரை அதைவிட்டு ஒருவர்கூடப் போனதில்லை. நான் போகவிட்டதில்லை.